அம்மாவின் சொத்து யாருக்கு? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் 26 வருடம் உறுதி, அதாவது அந்தப் பத்திரங்கள், தட்டச்சு செய்தேன். ஐயா உள்ளே ஆட்களோடு கதைத்துக்கொண்டிருக்க, வாங்கில் காத்திருப்பவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் கோயில் வீதியிலும் செத்தவீட்டிலும் அதே கேள்விகள்தான். பதில் தெரியாததால் சகோதரங்கள் முகம் பாராமல் போன வீடுகளை நிறையக் கண்டுவிட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இது பொதுவான விளக்கம். கையெழுத்து வைக்கும் முன் உங்கள் உறுதிகளை ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மா ஒண்டும் எழுதாமல் மோசம் போயிட்டா. இப்ப அவவின்ர காணி ஆருக்கு?

பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. ஆண், பெண், மூத்தவர், கடைக்குட்டி, கலியாணம் செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் இல்லை. அம்மாவின் பெயரில் 8 பரப்பு இருந்து 4 பிள்ளைகள் என்றால், ஒவ்வொருவருக்கும் அதில் நாலில் ஒரு பங்கு. அது "இந்தப் பக்கம் 2 பரப்பு" என்று அளந்து வருவதில்லை. முழுக் காணியிலும் பிரிபடாத பங்காகவே வருகிறது. பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்தப் "பிரிபடாத" என்ற சொல்லில்தான் தொடங்குகிறது.

தேசவழமை எண்டா ஒல்லாந்தர் காலத்துக் கதை எல்லோ? இப்பவும் செல்லுமோ?

செல்லும். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம். ஊரில் வழக்கத்தில் இருந்ததை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். ஊர்ப் பெரியவர்களான தமிழ் முதலிமார் 12 பேர் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். ஆனால் இன்று முதுசம், சீதனம் பற்றிய வழக்கில் முதலில் விரிப்பது அந்தப் பழைய ஏட்டை அல்ல. 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் 1947இல் அதற்கு வந்த திருத்தத்தையும்தான். "அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்வது பல இடங்களில் இந்த இரண்டுக்கும் முந்திய நிலை.

இது வடமாகாணத்தை நிரந்தர வாழிடமாகக் கொண்ட தமிழருக்கான சட்டம். வேலைக்காகக் கொழும்பில் இருப்பதால் மட்டும் ஒருவர் இதிலிருந்து விலகிவிடுவதில்லை. இன்னொன்று: தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஒருவரைக் கட்டினால், அந்தக் கலியாணம் நீடிக்கும் வரை அவருக்குத் தேசவழமை இல்லை. மறுபக்கமாக, வெளியிலிருந்து இங்கே மருமகளாக வந்தவருக்குத் தேசவழமை பொருந்தும். ஆகவே உங்கள் அம்மா யாரைக் கட்டினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு உறுதியில கிடக்கு. ஏதோ ஒண்டு, காணி காணிதானே?

இல்லை. ஒரு காணி எந்த வழியால் வந்தது என்பதை வைத்துத்தான் அது எந்த வழியால் போகும் என்று சட்டம் பார்க்கிறது. தாய் தகப்பன், பாட்டன் பாட்டி இறந்து இறங்கி வந்தது முதுசம். கலியாணத்தில் பெண்ணுக்கு எழுதியது சீதனம். பிள்ளையில்லாத மாமன், சித்தி போன்ற உறவினர் இறந்து வந்தது உரிமை. கலியாணம் முடித்த பிறகு உழைத்த காசில் வாங்கியதும், சொந்தச் சொத்திலிருந்து வந்த வருமானமும் தேடியதேட்டம்.

அம்மாவின் உறுதிகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் இதில் எது என்று குறித்து வையுங்கள். பத்து நிமிட வேலை. கீழே வரும் பதில்கள் பலதும் இந்தக் குறிப்பை நம்பித்தான் இருக்கின்றன.

அப்பா உயிரோட இருக்கிறார். அம்மாவின்ரது எல்லாம் முதல்ல அவருக்குத்தானே போகும்?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவின் முதுசத்திலும் சீதனத்திலும் அப்பாவுக்குப் பங்கு இல்லை. அவை நேரே பிள்ளைகளுக்கு. அம்மாவின் தேடியதேட்டத்தில் மட்டும் பாதி அப்பாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1947 திருத்தத்துக்குப் பிறகு, உழைத்து வாங்கியது வாங்கியவருடைய தேடியதேட்டம். அப்பாவின் சம்பளத்தில் அப்பாவின் பெயரில் வாங்கிய வீடு, அவர் இருக்கும்வரை அவருடையது. அம்மா முதலில் போனால் அந்த வீட்டில் "அம்மாவின் பாதி" என்று பிள்ளைகள் கேட்க ஒன்றும் இல்லை. அப்பா ஒன்றும் எழுதாமல் முதலில் போனால் பாதி அம்மாவுக்கு வரும், மற்றப் பாதி அப்போதே பிள்ளைகளுக்கு. பிறகு அம்மாவும் போகும்போது அவருக்கு வந்த பாதி பிள்ளைகளுக்கு இறங்கும். யார் முதலில் காலமானார் என்ற ஒரு திகதியே கணக்கை மாற்றிவிடும்.

கொழும்புப் பக்கத்துப் பொதுச் சட்டத்தில், 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, துணைக்கு முழுச் சொத்திலும் பாதி உண்டு. அங்கே வாழும் உறவினர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

அம்மாவின்ர சீதனக் காணி பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தானே சேரவேணும்?

மிகப் பழைய வழக்கம் அதுதான். தகப்பன் வழிச் சொத்து ஆண்பிள்ளைகளோடு, தாய் வழிச் சீதனம் பெண்பிள்ளைகளோடு. போர்த்துக்கேயர் காலத்திலேயே அது மாறத் தொடங்கிவிட்டது என்று 1707 ஏடே சொல்கிறது. இன்று அம்மா ஒன்றும் எழுதாமல் போனால் சீதனக் காணியிலும் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்குதான். பேத்திக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், அதை எழுத வேண்டும்.

அக்காவுக்குச் சீதனமா வீடே குடுத்தாச்சு. இனி மிச்சத்தில அவவுக்குப் பங்கு இல்லைத்தானே?

வாங்கில் இருந்தவர்கள் என்னிடம் ஆகக் கூடக் கேட்ட கேள்வி இது. பழைய தேசவழமையில் சீதனம் வாங்கிய மகள் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. ஊரில் இன்றும் அந்த நினைப்புத்தான். 1911 சட்டம் பிள்ளைகள் எல்லோரும் சமம் என்று வைத்தது. அதோடு, பெற்றோரிடமிருந்து கலியாணத்துக்கோ வாழ்க்கையில் நிலைக்கவோ மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாக வாங்கியவர், பங்கு பிரிக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. சேர்க்கத் தேவையில்லை என்று பெற்றோர் விலக்கியிருந்தால் மட்டும் விலக்கு.

ஆக, அக்காவை ஒரேயடியாக வெளியே தள்ளவும் முடியாது, அவர் வாங்கியதை மறைத்துச் சமபங்கு கேட்கவும் முடியாது. இந்த விதி அக்காவுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அண்ணன்மார் மறந்துவிடுகிறார்கள். வெளிநாடு அனுப்பக் காணி ஈடு வைத்துக் கொடுத்த காசு, கடை போடக் கொடுத்த முதல் எல்லாமே கேள்விக்கு வரலாம். இதில் வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மரணசாதனம் எழுதுறதோ, இப்பவே நன்கொடையா எழுதிக் குடுக்கிறதோ, எது நல்லது?

மரணசாதனம், அதாவது உயில், அம்மா கண் மூடிய பிறகுதான் வேலை செய்யும். அதுவரை அவர் அதை எத்தனை தரமும் மாற்றலாம், கிழிக்கலாம், காணியை விற்கவும் செய்யலாம். கணவனின் சம்மதமும் தேவையில்லை. ஆனால் அவர் போன பிறகு பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

நன்கொடை உறுதி எழுதிப் பிள்ளை ஏற்றுக்கொண்ட அன்றே காணி கைமாறுகிறது. பிறகு நீதிமன்ற அலைச்சல் இல்லை. ஆனால் கணவன் உயிரோடு இருந்தால், தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சொந்த முதுசக் காணியைக்கூட அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எழுதிக் கொடுக்க முடியாது. அவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். தன் தாய் தந்த மண்ணை மகளுக்குக் கொடுக்க ஒரு பெண் இன்னொருவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் இந்த விதி மாற வேண்டும் என்பதே என் எண்ணம். கணவன் எங்கே என்றே தெரியாத தாய்மார் இதற்காகக் கந்தோரில் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா நன்கொடையைத் தேர்ந்தால், சீவிய உரித்தை அவர் பெயரில் வைத்து எழுதுங்கள். உரிமை பிள்ளைக்கு, ஆனால் உயிருள்ளவரை இருக்கவும் தேங்காய் மாங்காய் எடுக்கவும் வாடகை வாங்கவும் உரித்து அம்மாவுக்கு. இந்த ஒரு வரியை விட்டு எழுதிய உறுதியால், தான் கட்டிய வீட்டிலேயே விருந்தாளியாகிப் போன தாய்மார் உண்டு. பிள்ளை நல்லவன் என்பதற்காக இந்த வரியை விடாதீர்கள். பிள்ளை அம்மாவுக்கு முன் இறந்தாலும் இந்த வரிதான் அவரைக் காக்கும்.

மரணசாதனத்தை வீட்டிலயே ஒரு தாளில எழுதி வைக்கலாமோ?

எழுதலாம், ஆனால் சாட்சி சரியாக இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லை என்றால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருந்து. பங்கு பெறும் பிள்ளையோ அவருடைய துணையோ சாட்சியாக நிற்க வேண்டாம். அம்மாவுக்கு நினைவு தளம்பத் தொடங்கியிருந்தால் மரணசாதனம் பிறகு வழக்காகும். தெளிவாக இருக்கும்போதே செய்யுங்கள்.

அம்மா முழுக்கத் தங்கச்சிக்கு எழுதிப்போட்டா. நாங்கள் வழக்குப் போடலாமோ?

"எனக்கும் பங்கு தந்திருக்க வேண்டும்" என்பது மட்டும் காரணமாகாது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதும் முழுச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு என்று ஒன்று இல்லை. கையெழுத்து அம்மாவுடையதல்ல, அவருக்கு அப்போது சுயநினைவு இல்லை, வற்புறுத்தி எழுதுவித்தார்கள், சாட்சிகள் முறையாக இல்லை என்பவைதான் காரணங்கள். அவற்றைக் காட்டுவதற்குச் சான்று வேண்டும்.

நான் கேக்கிறது அம்மாவாத்தான். மகனுக்கு எழுதிக் குடுத்தன், இப்ப அவன் சோறு தண்ணி பாக்கிறேல்லை. திருப்பி எடுக்கலாமோ?

அம்மா, வழி இருக்கிறது, ஆனால் லேசானதல்ல. மீளப்பெற முடியாதபடி எழுதிய நன்கொடையைப் பாரதூரமான நன்றிகெட்ட நடத்தை என்ற காரணத்துக்காக நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்விக்கலாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கானது. நீங்களாகவே நொத்தாரிசிடம் போய் இரத்து உறுதி எழுதினால் போதாது, வழக்குத் தான். நடந்தவற்றைத் திகதியோடு குறித்து வையுங்கள். பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள், காலம் கடத்தாமல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

பங்கு தானா வந்திடும் எண்டா நீதிமன்றம் எதுக்கு?

உரிமை அம்மா இறந்தவுடனேயே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. ஆனால் சட்டம் குறிக்கும் பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தென்றால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு முடியாமல் அதைக் கைமாற்ற முடியாது. மரணசாதனம் எழுதாதவரின் சொத்துக்கும் அந்த வழக்குத்தான் தேவை. மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உறுதிகள், சொத்து விபரம் தேவைப்படும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் அங்குள்ள தூதரகத்தின் மூலம் அற்றோர்னித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இங்குள்ள ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் போதும்.

அண்ணா அம்மாவுக்கு முன்னமே காலமாகிட்டார். அவரின்ர பங்கு அண்ணிக்குப் போகுமோ?

அண்ணிக்கு இல்லை. அண்ணாவின் பிள்ளைகள் தகப்பனின் இடத்தில் நின்று அவருடைய ஒரு பங்கைத் தங்களுக்குள் பிரிப்பார்கள். அண்ணாவுக்குப் பிள்ளைகள் இல்லையென்றால் அந்தப் பங்கே இல்லை, மற்றவர்களுக்குள் எல்லாம் பிரியும். அண்ணா அம்மாவுக்குப் பிறகு காலமானால் கதை வேறு. அப்போது பங்கு அவருக்கு வந்துவிட்டது. அவர் வழியில் அது இறங்கும்.

தம்பி 2009இல காணாமல் போனவர். அம்மா போன வருஷம் போயிட்டா. அவன்ர பங்கை என்ன செய்யிறது?

இதற்குப் பதில் சொல்லும்போது எனக்குக் குரல் ஒருமுறையும் சரியாக வந்ததில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்த தாய்மாரின் பிள்ளைகள்தான் இதைக் கேட்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய வழி தந்தது. 2016 திருத்தம், இறந்துவிட்டார் என்று சொல்லாமல் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் தந்தது.

எதை எடுக்கிறீர்களோ அதற்கேற்பக் கணக்கு மாறும். மரணப் பதிவில் அம்மாவின் மரணத்துக்கு முந்திய திகதி இருந்தால், மேலே அண்ணாவைப் பற்றிச் சொன்ன விதிதான். காணாமற்போன சான்றிதழ் என்றால் தம்பியின் பங்கு தம்பியின் பெயரிலேயே நிற்கும். அதைப் பராமரிக்க நீதிமன்ற அனுமதி கேட்கலாம். காணியைப் பிரிப்பதற்காக ஒரு குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டும் என்று யாரும் நெருக்கக் கூடாது. தம்பியின் பங்கை ஒரு மூலையில் ஒதுக்கி அளந்து, வேலி போட்டு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தத் துண்டில் முருங்கை நிற்கிறது.

நாங்கள் கனடா சிட்டிசன். 2014 சட்டத்துக்குப் பிறகு எங்களுக்குக் காணி வராதாமே?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. தாய் இறந்து வாரிசுக்கு இறங்குவதை அது தடுக்கவில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு இன்னும் லேசு. ஆனால் சகோதரத்தின் பங்கை நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போனால் அது வேறு விஷயம், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னவன் 20 வருஷமா அந்த வீட்டில இருக்கிறான். ஆட்சி உரிமை எண்டு அவனுக்கே போயிடுமோ?

ஒரு காணியைப் பத்து வருடம் தன்னதாக ஆண்டவர் அதற்கு உரிமை கேட்கலாம் என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம். ஆனால் அந்தப் பத்து வருடம் அந்நியருக்கு எதிராக ஓடுவது போல் கூட்டுப் பங்காளிக்கு எதிராக ஓடாது. ஒரு பங்காளி இருந்தால் மற்றவர்களுக்காகவும் இருக்கிறார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உங்களை வெளிப்படையாக மறுத்து, "இது எனக்கு மட்டும்" என்று நடந்து, அதன் பிறகு பத்து வருடம் போயிருக்க வேண்டும்.

உங்கள் காணியில் அந்நியர் இருந்துவிட்டார் என்றால் கவலை நியாயமானது. இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்து, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் தந்தது. அந்த அவகாசம் முடிந்துவிட்டது. இனியும் பிந்த வேண்டாம். அதேநேரம், அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கடைசி வரை பார்த்தவன் அந்தச் சின்னவன் என்றால், சட்டம் அவனுக்குக் கூடப் பங்கு தராவிட்டாலும் மற்றவர்கள் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்த வீடுகளையும் கண்டிருக்கிறேன்.

எனக்கு வந்த பங்கை வெளியாருக்கு விக்கலாமோ?

பிரிபடாத பங்கென்றால் முதலில் கூட்டுப் பங்காளிகளுக்கும் வாரிசுமாருக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை, தருகிறது. அறிவிக்காமல் விற்றால் அவர்கள் நீதிமன்றம் போய் அந்தக் காணியைத் தங்களுக்கு எடுக்கக் கேட்கலாம். நன்கொடைக்கு இது இல்லை, விலைக்கு மட்டும்.

வளவு 3 பரப்பு, ஒரு நாற்சார் வீடு, ஒரு கிணறு, நாலு பேர். எப்பிடிப் பிரிக்கிறது?

16 பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். 3 பரப்பை நாலாகக் கிழித்தால் ஒருவருக்கும் வீடு கட்டப் போதாது. எல்லோரும் சம்மதித்தால், நில அளவையாளரைக் கொண்டு படம் எடுத்து ஒரு பிரிவினை உறுதியோடு முடித்துவிடலாம். சம்மதம் இல்லையென்றால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பங்கு வழக்கு. தகப்பன் தொடங்கிய பங்கு வழக்கை மகன் முடித்த கதைகள் நம்மிடம் உண்டு. சின்ன வளவுக்கு நான் சொல்வது: ஒருவர் எடுத்து, மற்றவர்களுக்குக் காசாகவோ வேறு தோட்டக் காணியாகவோ ஈடு செய்யட்டும்.

எப்படிப் பிரித்தாலும் உறுதியில் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் மறக்காமல் எழுதுவியுங்கள். அந்த நாளைய நொத்தாரிசுமார் கிணற்றில் பங்கு, தண்ணீர் அள்ளிப் போகும் பாதை, வாய்க்கால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதியது சும்மா இல்லை. நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு துண்டில் அகப்பட்டு, மற்ற மூன்று வீடும் போத்தல் தண்ணீர் வாங்கும் நிலை இன்றும் இருக்கிறது.

அம்மாவின்ர நகையள்?

விதி அதேதான், சமபங்கு. நகைக்கு உறுதி இல்லாததால் வாய்ச்சொல்தான் சாட்சியாகிறது. "இந்தச் சங்கிலி உனக்கு" என்று மூன்று பேரிடம் அம்மா சொல்லியிருப்பார். அன்பில் சொன்னதுதான். தான் இருக்கும்போதே கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இடம்பெயர்வில உறுதியள் எல்லாம் துலைஞ்சு போச்சு.

1995இல் ஒரு பையோடு ஓடியவர்கள் நாங்கள் எல்லோரும். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது லேசு. தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் பாட்டனின் பெயர் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

அம்மாவிட்ட இதை எப்பிடிக் கேக்கிறது? சாவை எதிர்பாக்கிற மாதிரி எல்லோ இருக்கும்?

எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. கடைசியில் நான் சொத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா, இந்தத் தோட்டக் காணி உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். அம்மம்மாவின் கலியாணத்திலிருந்து தொடங்கி, பொழுதுபடும் வரை சொன்னார். எல்லைக்கு நின்ற பனையின் கதை, கிணறு வெட்டிய ஆண்டு, ஈட்டிலிருந்து மீட்ட காசு எல்லாம் வந்தது. நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தேன். மற்ற நாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது அவராகவே, "எல்லாரையும் ஒருக்கா வரச் சொல்லு, நொத்தாரிசையும்" என்றார்.